அடம் என்று பெயரிடுவதற்கு முன்: அழும், கடிக்கும், உறங்க மறுக்கும் குழந்தைக்கு அறிகுறிவழிச் சோதனை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமங்களிலும், பின்னர் கல்முனைக்குத் தெற்கேயுள்ள கடற்கரையூர்களிலும் குடும்பநல உத்தியோகத்தராக வீடு வீடாகச் சென்ற காலம் முழுவதும், வாசலில் நான் முதலில் கேட்ட சொல் பெரும்பாலும் ஒன்றுதான்: "இந்தப் பிள்ளைக்கு ஒரே அடம்." உள்ளே சென்று அமர்ந்து பார்த்தால், பசியோ, உறக்கக் குறைவோ, வெக்கையோ, காது வலியோ, பூச்சித் தொல்லையோ, இரத்தக் குறைவோ அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும். உண்மையிலேயே அடமாக இருந்த வீடுகளும் உண்டு. ஆனால் மற்றவை எல்லாம் இல்லையென்று பார்த்த பின்னரே அந்த முடிவுக்கு வரவேண்டும். கீழே உள்ளவை அந்த வரிசையிலேயே எழுதப்பட்டுள்ளன: முதலில் குழந்தையின் உடல், அடுத்து வீட்டின் நடைமுறை, கடைசியாகவே குழந்தையின் குணம். உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறியின் தலைப்புக்கு நேரே செல்லலாம். ஆனால் அதற்கு முன் முதல் பகுதியை அனைவரும் படிக்க வேண்டும்.

எதையும் சோதிக்காமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டியவை

மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு உடல் வெப்பம் 38 பாகை செல்சியஸைத் தொட்டால், அழுகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பரசிட்டமோல் கொடுத்துக் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடத்தல், வலிப்பு, உச்சிக்குழி புடைத்தல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், இடுப்பு மடிப்பிலோ விதைப்பையிலோ கடினமான வீக்கம் ஆகியவையும் அவ்வாறே. மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள்: 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, 2 முதல் 12 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40 என்ற எண்ணிக்கையை எட்டினாலோ தாண்டினாலோ அது வேகமான மூச்சு.

நன்றாக இருந்த குழந்தை திடீரென்று கால்களை வயிற்றோடு மடக்கி வீறிட்டு அழுது, சில நிமிடம் வெளிறி அமைதியாகி, மீண்டும் அதேபோல் அழுதால், குடல் குடலுக்குள் செருகிக்கொண்டிருக்கலாம். அதற்கு வாயு மருந்து கொடுத்து நேரத்தைப் போக்கக் கூடாது.

எமது பகுதிக்கு இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாரி மழைக்குப் பின் டெங்கு பரவும் மாதங்களில், சில நாள் காய்ச்சலுக்குப் பிறகு சூடு இறங்கியதும் பெற்றோர் நிம்மதியடைகின்றனர். அந்த நேரத்தில் குழந்தை இருப்புக்கொள்ளாமல் அனுங்குவதும், எரிச்சல்படுவதும், மாறாக எழும்பாமல் கிடப்பதும், வயிற்றைப் பிடித்து அழுவதும் குணக்கோளாறு அல்ல. அவை டெங்கின் எச்சரிக்கை அறிகுறிகள். ஆறு மணித்தியாலத்துக்கு மேல் சிறுநீர் கழியாவிட்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். வாகனம் இல்லாத இடத்தில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

அறிகுறி 1: பிறந்து சில வாரங்களான குழந்தை மாலையானால் நிறுத்தாமல் அழுகிறது

*முதலில் பார்க்க வேண்டியவை*

குழந்தையின் அழுகை பிறந்து இரண்டு வாரத்தில் கூடத் தொடங்கி, ஆறாவது வாரமளவில் உச்சத்தை அடைந்து, மூன்று நான்கு மாதத்தில் தானாகவே குறையும். மாலையிலும் முன்னிரவிலும் அது கூடுதலாக இருப்பது வழக்கம். எனவே உங்கள் குழந்தை ஐந்து வாரமாக இருந்து, எடை கூடி, நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, அழாத நேரத்தில் நன்றாக இருக்குமானால், பால் போதவில்லை என்று முடிவுகட்டிப் பால்மாப் போத்தலை எடுக்க வேண்டியதில்லை. மாலையில் அடிக்கடி மார்பில் போட்டாலே பல குழந்தைகள் அடங்கிவிடும். மார்புக்காம்பை மட்டும் சப்பாமல், அதைச் சுற்றியுள்ள கருமையான பகுதியின் பெரும்பங்கும் வாய்க்குள் இருக்கிறதா என்று பாருங்கள்; காம்பு மட்டும் அகப்பட்டால் தாய்க்கு வலியும் குழந்தைக்கு அரைவயிறுமே மிஞ்சும்.

அடுத்தது வெக்கை. கச்சான் காற்று வீசும் மாதங்களில், தகரக் கூரையின் கீழ், தொப்பி, காலுறை, கையுறை, மேலே ஒரு துவாய் என்று மூடப்பட்டு வியர்த்துக் கிடந்த குழந்தைகளை நான் எண்ணிக்கையின்றிக் கண்டிருக்கிறேன். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் உடுப்பைக் குறைத்து, காற்றோட்டமான இடத்தில் கிடத்துங்கள். பெரியவர் உடுத்தும் அளவு மெல்லிய உடையே அந்த வெப்பத்தில் குழந்தைக்கும் போதும்.

*ஆடையைக் கழற்றிப் பார்க்கும் சோதனை*

இதைத் தவறவிடாதீர்கள். களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் மூன்று மாதக் குழந்தை ஒன்று இரண்டு நாளாக அழுதது. கண்ணூறு கழித்தாயிற்று, நூலும் கட்டியாயிற்று. நான் காலுறையைக் கழற்றியபோது, தாயின் தலைமயிர் ஒன்று குழந்தையின் இரண்டாம் கால்விரலில் சுற்றி இறுகி, விரல் சிவந்து வீங்கியிருந்தது. பேறுகாலத்துக்குப் பின் தாய்க்கு மயிர் அதிகம் உதிர்வதால் இது நடக்கிறது. கால்விரல், கைவிரல், ஆண்குறி ஆகிய மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். மயிர் தெளிவாகத் தெரிந்து எளிதில் அகற்ற முடிந்தால் அகற்றலாம். தோலுக்குள் புதைந்திருந்தால் உடனே வைத்தியசாலைதான். அரைஞாண் கயிறு இறுகியிருக்கிறதா என்பதையும் அதே வேளையில் பார்த்துவிடுங்கள். கண்ணூறு கழிப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஆடையைக் கழற்றிப் பார்த்த பின் கழியுங்கள்.

*செய்யக் கூடாதவை*

ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர, வைத்தியர் தரும் மருந்தல்லாத எதுவும் தேவையில்லை. கொதித்தாறிய நீரும் சீனித் தண்ணீரும் கூட வேண்டாம். ஒரு வயதுக்கு முன் நாக்கில் தேன் தொட்டு வைப்பது ஆபத்தானது. அதில் இருக்கக்கூடிய நுண்கிருமி வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

எக்காரணம் கொண்டும் குழந்தையைப் பிடித்து உலுக்கக் கூடாது. சில விநாடி உலுக்கலிலேயே மூளையில் இரத்தக் கசிவு ஏற்படும். கை நடுங்கும் அளவுக்குக் கோபம் வந்துவிட்டதென்றால், குழந்தையைப் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, முற்றத்துக்குச் சென்று ஐந்து பத்து நிமிடம் நின்று மூச்சு வாங்குங்கள். அந்த நேரம் தனியாக அழுவதால் குழந்தைக்கு எந்தத் தீங்கும் வராது. அப்படிச் செய்த தாயை வீட்டிலுள்ள எவரும் குறை சொல்ல வேண்டாம்.

*எப்போது வைத்தியரிடம்*

எடை கூடவில்லை, மலத்தில் சளியோ இரத்தமோ தெரிகிறது, தோலில் கரப்பான் பரவுகிறது, படுக்க வைக்கும்போது மட்டும் வீறிட்டு அழுகிறது, நான்கு மாதம் கடந்தும் அழுகை குறையவில்லை என்றால் கிளினிக்குக்குச் செல்லுங்கள். தாயும் இரண்டு வாரத்துக்கு மேலாகத் தானாக அழுகிறார், குழந்தை உறங்கும்போதுகூட உறங்க முடியவில்லை, எதிலும் விருப்பமில்லை என்றால், அது தாய்க்கு வந்த நோய். குடும்பநல உத்தியோகத்தரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

அறிகுறி 2: அழுதழுது மூச்சு நின்று நீலமாகிறது

விழுந்தோ, விரும்பியது கிடைக்காமலோ குழந்தை வீறிட்டு, மூச்சை வெளியே விட்ட நிலையில் உறைந்து, உதடு நீலமாகிச் சில விநாடி நினைவிழக்கும். இன்னொரு வகையில் திடீர் வலியாலோ பயத்தாலோ வெளிறித் துவளும். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையில் இது வரலாம்; பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் தானாக மூச்சு திரும்பிவிடும். குழந்தை இதை வேண்டுமென்று செய்வதில்லை.

அந்த நேரத்தில் பக்கவாட்டில் கிடத்தி, வாய்க்குள் எதையும் இடாமல், தண்ணீர் ஊற்றாமல், முதுகில் அடிக்காமல், கடிகாரத்தைப் பாருங்கள். பின்னர் இரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள், ஏனெனில் இரும்புச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்கு இது அதிகம் வருகிறது. குறைவு தெரிந்து மருந்து கொடுத்தால் பலருக்கு நின்றே போகிறது. மூச்சு நின்றுவிடும் என்ற பயத்தில் கேட்டதையெல்லாம் கொடுக்கத் தொடங்கினால், அடுத்த மாதம் அறிகுறி 3 உங்கள் வீட்டுக்கு வரும்.

முதல் தடவை நடந்தாலோ, ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு வந்தாலோ, அழுகையும் அதிர்ச்சியும் இன்றி வந்தாலோ, கை கால் நீண்ட நேரம் வெட்டினாலோ வைத்தியர் பார்த்தே ஆக வேண்டும். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் 1990.

அறிகுறி 3: தரையில் விழுந்து புரண்டு கத்துகிறது

ஒன்று முதல் நான்கு வயது வரை இது வளர்ச்சியின் ஒரு பகுதி. வேண்டும் என்ற எண்ணம் பெரிதாகவும், அதைச் சொல்லும் சொல் சிறிதாகவும் இருக்கும் வயது அது.

*அ. ஒரே நேரத்தில் வருகிறதா?*

மூன்று நாள், எத்தனை மணிக்கு வந்தது, அதற்கு முன் எப்போது உண்டது, எப்போது உறங்கியது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். முன்பள்ளி விட்டு வந்தவுடன், பகல் பதினொன்றரைக்கும் பன்னிரண்டரைக்கும் இடையில்தான் பெரும்பாலான வீடுகளில் எழுதப்பட்டிருக்கும். வெயிலில் நடந்து, பசித்து, களைத்து வரும் பிள்ளை அது. வாசலிலேயே ஒரு வாழைப்பழமும் தண்ணீரும் கொடுத்து, கேள்வி கேட்காமல் கால் மணித்தியாலம் விட்டால் பிரச்சினை தீர்ந்த வீடுகள் பல. திருவிழாக் காலத்தில், ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்துக்குக் கூட்டிச் சென்று உச்சி வெயிலில் தீர்த்தக்குளத்தருகே குழந்தை புரண்டு அழுதால், அங்கே திருத்துவதற்கு எதுவும் இல்லை. நிழலுக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

*ஆ. ஒரே பொருளுக்காக வருகிறதா?*

சந்திக் கடையைக் கடக்கும்போதெல்லாம் டொபிக்காக விழுகிறது என்றால், அந்த டொபி எப்போதாவது கிடைத்திருக்கிறது என்று பொருள். ஒன்பது தடவை மறுத்துப் பத்தாவது தடவை கொடுக்கும் வீட்டில், பத்துத் தடவை அழ வேண்டும் என்பதையே குழந்தை கற்றுக்கொள்கிறது. அம்மா மறுப்பார், அம்மப்பா இரகசியமாகக் கொடுப்பார் என்ற வீட்டில் எந்த வழியும் பலிக்காது. ஆகவே முதற்பணி பெரியவர்களைத் திண்ணையில் அமர்த்தி உடன்பாடு காண்பது. அம்மப்பாவின் அன்பைப் பழிக்காமல், "டொபியை வெள்ளிக்கிழமை மாலையில் நீங்களே கொடுங்கள்" என்று ஒரு நேரத்தை அவருக்கே ஒதுக்கிக் கொடுத்தால் அவரும் மனம் நோகாமல் உடன்படுவார்.

விழுந்த பின் செய்ய வேண்டியது குறைவு. கல், கதவு, கிணற்றுக் கட்டு, வீதி ஆகியவற்றிலிருந்து விலக்கி, அருகே குந்தியிருங்கள். ஒரே வசனம் போதும்: "கோபம் வந்திருக்கு, நான் பக்கத்தில இருக்கிறன்." விளக்கம், பேரம், அச்சுறுத்தல் எதுவும் அந்த நேரத்தில் காதில் ஏறாது. கத்தல் அடங்கியதும் அணைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கேட்ட பொருளைக் கொடுக்காதீர்கள். இவ்வாறு தொடங்கினால் முதல் சில நாள் கத்தல் குறையாமல் கூடும். பழைய திறப்பு ஏன் பூட்டைத் திறக்கவில்லை என்று குழந்தை இன்னும் பலமாகத் திருகிப் பார்க்கிற நாள்கள் அவை. அந்த நான்கைந்து நாளில்தான் பெரும்பாலான குடும்பங்கள் கைவிடுகின்றன. அயலவர் என்ன நினைப்பார் என்ற கவலையை அந்த வாரத்துக்கு மட்டும் ஒதுக்கி வையுங்கள்.

அடித்தால் உடனே அடங்கும் என்பது உண்மைதான். எவ்வளவு நாளைக்கு என்பதே கேள்வி. அடித்து அடக்கிய வீடுகளுக்கே அதே முறைப்பாட்டுக்காக நான் மீண்டும் மீண்டும் சென்றேன். அந்தப் பிள்ளைகளே முன்பள்ளியில் மற்றப் பிள்ளைகளை அடித்தனர்.

*எப்போது வைத்தியரிடம்*

ஒரு தடவை 25 நிமிடத்தைத் தாண்டுவது வழக்கமாகிவிட்டால், நாளொன்றுக்குப் பல தடவை வந்தால், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டால், ஐந்து வயதை நெருங்கியும் குறையாவிட்டால் குழந்தை வைத்தியரிடம் காட்டுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, அம்பாறைப் பொது வைத்தியசாலை, கல்முனையின் ஆதார வைத்தியசாலைகள் ஆகியவற்றில் அவர்களைக் காணலாம்.

அறிகுறி 4: கடிக்கிறது, அடிக்கிறது, தள்ளுகிறது

ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை கடித்தால் பெரும்பாலும் பல் முளைக்கிறது. குளிர்ந்த சுத்தமான ஈரத்துணியைக் கடிக்கக் கொடுங்கள். இரண்டு வயதளவில் கடித்தால் பெரும்பாலும் சொல் போதவில்லை. கடிபட்ட பிள்ளையையே முதலில் தூக்குங்கள். கடித்த பிள்ளைக்குப் பெரும் பேச்சும் பெரும் கவனமும் கிடைக்கக் கூடாது. பின்னர் அதன் கண்மட்டத்துக்குத் தாழ்ந்து, "கடித்தால் நோகும். வேண்டுமென்றால் 'தா' என்று கேள்" என்று சொல்லி, கேட்கச் செய்து, கேட்டதும் கொடுங்கள். திருப்பிக் கடித்துக் காட்டுவதும் வாயில் மிளகாய் பூசுவதும் கொடுமை. அவற்றால் கடி நின்றதை நான் கண்டதில்லை. தோல் கிழிந்திருந்தால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரமிட்டுக் கழுவி, வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இவ்வளவும் செய்து மாறாவிட்டால், செவியைச் சோதியுங்கள். முன்பள்ளியிலிருந்து நிறுத்திவிடும்படி கூறப்பட்ட மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறான். முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகப் பெயரைக் கூப்பிட்டபோது அவன் திரும்பவில்லை. உரக்கக் கூப்பிட்டபோதும் பாதி நேரமே திரும்பினான். அடிக்கடி தடிமன் வந்து இரு செவிகளின் நடுப்பகுதியிலும் நீர் தேங்கியிருந்ததைக் காது மூக்குத் தொண்டை கிளினிக்கில் கண்டுபிடித்தனர். மற்றப் பிள்ளைகள் கேட்டதும் சொன்னதும் அவனுக்கு எட்டவேயில்லை. ஒவ்வொரு விளையாட்டிலும் யாரோ தன்னைத் திடீரென்று தொடுவதாகவே அவன் உணர்ந்திருக்க வேண்டும். சிகிச்சைக்குப் பின் பேச்சு வந்தது, அடி நின்றது. நிறுத்தச் சொன்னவர்கள்மீது எனக்கு இருந்த கோபம் இன்றும் முழுமையாகத் தணியவில்லை.

பேச்சுக்கான எல்லைகளை நினைவில் வைத்திருங்கள்: 12 மாதத்தில் மழலையும் கைகாட்டலும் இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 2 வயதில் இரு சொல் சேர்த்துப் பேசவில்லை, எந்த வயதிலாவது இருந்த பேச்சு மறைந்துவிட்டது என்றால் காத்திருக்க வேண்டாம். "இவன்ட வாப்பாவும் பிந்தித்தான் கதைச்சார்" என்ற ஆறுதலில் இரண்டு வருடம் வீணாகிய பிள்ளைகளை நான் அறிவேன்.

அறிகுறி 5: இரவில் உறங்குவதில்லை

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, பகல் உறக்கமும் சேர்த்து, 4 முதல் 11 மாதம் வரை 12–16 மணித்தியாலமும், 1–2 வயதில் 11–14 மணித்தியாலமும், 3–4 வயதில் 10–13 மணித்தியாலமும் உறக்கம் வேண்டும். முதலில் கூட்டிப் பாருங்கள். மாலை நான்கு மணிக்கு உறங்கி ஆறு மணிக்கு எழும் மூன்று வயதுப் பிள்ளை இரவு பதினொன்று வரை விழித்திருப்பது கணக்குச் சரியாக இருப்பதையே காட்டுகிறது. பகல் உறக்கத்தை முன்னே நகர்த்துங்கள்.

ஏணையில் ஆட்டினால் மட்டும் உறங்கும் குழந்தை, இரவில் இயல்பாக விழிக்கும் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தைத் தேடும். கண் சொருகும் நிலையில், முழுதாக உறங்குவதற்கு முன், பாய்க்கு மாற்றிப் பழக்குங்கள். ஒரு வாரமாவது எடுக்கும். கைத்தொலைபேசியை உறங்குவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே நிறுத்துங்கள். அதே வழிகாட்டல் இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம் என்றும், அதன் பின் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்றும் கூறுகிறது. சோறூட்டுவதற்காகத் தொடங்கிய கைத்தொலைபேசியே பல வீடுகளில் உறக்கத்தைக் கெடுத்தது.

நுளம்பு வலை கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரவில் எழுந்து ஆசனவாயைச் சொறிந்தால், கீரிப்பூச்சி முட்டையிட வெளியே வருகிறது. டோர்ச் வெளிச்சத்தில் வெள்ளை நூல் துண்டுபோல் தெரியும். மருந்தை வீட்டிலுள்ள அனைவரும் எடுக்க வேண்டியிருக்கும், ஆகவே வைத்தியரிடம் அனைவருக்குமாகக் கேளுங்கள். நகத்தை ஒட்ட வெட்டி, படுக்கைத் துணிகளை வெந்நீரில் தோய்த்து வெயிலில் காயவிடுங்கள். தினமும் குறட்டை விட்டு, வாயால் மூச்செடுத்து, இடையிடையே மூச்சுத் தடைப்படும் பிள்ளையை வைத்தியரிடம் காட்டுங்கள். பகலில் அது காட்டும் எரிச்சலும் துடிப்பும் அங்கிருந்தே வரலாம்.

அறிகுறி 6: சோற்றைத் துப்புகிறது, மண்ணைத் தின்கிறது

இரண்டாம் வயதில் வளர்ச்சியின் வேகம் குறைவதால் பசியும் குறையும். பிள்ளை சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டை எடுத்து எடைக்கோட்டைப் பாருங்கள். கோடு மேலே சென்றுகொண்டிருந்தால் ஊட்டும் சண்டையை நிறுத்தலாம். நாளொன்றுக்கு அரை லீற்றருக்கு மேல் பால் குடிக்கும் பிள்ளைக்குச் சோற்றுக்கு இடமிராது. சாப்பாட்டோடு தேநீர் கொடுப்பதை நிறுத்துங்கள், அது இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கிறது. மீனையும் கீரையையும் புளிப்பான பழத்தையும் சேர்த்துக் கொடுங்கள். அரை மணித்தியாலத்துடன் தட்டை எடுத்துவிடுங்கள்.

மண், சுண்ணாம்பு, பச்சையரிசி ஆகியவற்றைத் தேடித் தின்றால் திட்டிப் பயனில்லை. கீழிமையை விலக்கிப் பார்த்தால் பெரும்பாலும் வெளிறியிருக்கும். இரத்தப் பரிசோதனைக்கும் பூச்சி மருந்துக்கும் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

அறிகுறி 7: தாய் வெளிநாடு சென்ற பின் குழந்தை மாறிவிட்டது

மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய எமது இரு மாவட்டங்களிலும் அம்மம்மாவும் உம்மம்மாவும் வளர்க்கும் பிள்ளைகள் பலர் இருப்பதால் இதைத் தனியாக எழுதுகிறேன். நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்கும்; ஒரு நிமிடம் கூடச் சேலையை விடாது; அல்லது ஒன்றும் கேட்காமல் நல்ல பிள்ளையாகிவிடும். மூன்றாவதே என்னை அதிகம் கவலைப்பட வைத்தது.

"அம்மா கடைக்குப் போயிருக்கா" என்று சொல்லாதீர்கள், குழந்தை வாசலில் காத்திருக்கும். "குழப்படி செய்தால் அம்மா வரமாட்டா" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். உண்மையைச் சிறு வசனத்தில் சொல்லி, தாயின் படத்தை அதன் உயரத்தில் சுவரில் ஒட்டி, தொலைபேசி அழைப்பை ஒரே நாளில் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அழைப்புக்குப் பின் அழுதால் அழைப்பை நிறுத்தாதீர்கள், அழவிட்டு அணைத்திருங்கள். உணவும் குளிப்பும் படுக்கையும் ஒரே ஒருவர் கையில் இருக்கட்டும்.

ஒரு மாதம் கடந்தும் விளையாட்டுத் திரும்பவில்லை, பேச்சு நின்றுவிட்டது என்றால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் செல்லுங்கள். ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு ஒளிகிறது, ஆடை மாற்றும்போது நடுங்குகிறது, மறைவான உறுப்பில் காயமோ வலியோ இருக்கிறது என்றால் குடும்ப மானம் கருதி மறைக்காதீர்கள். 1929 என்ற இலக்கம் சிறுவர் பாதுகாப்புக்காகவே நாள் முழுவதும் இயங்குகிறது.

வைத்தியரிடம் செல்லும்போது

பதிவேட்டையும், நேரம் எழுதிய கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். நடப்பதைக் கைத்தொலைபேசியில் ஒரு நிமிடம் படம் பிடித்திருந்தால், சொல்லில் விளங்காதது வைத்தியருக்கு விளங்கும். பொத்துவிலிலிருந்தோ வாகரையிலிருந்தோ நீண்ட தூரம் பயணம் செய்து வருவோர், தாயோ தந்தையோ வந்தால் போதும் என்று எண்ணாமல், குழந்தையை நாள் முழுவதும் வைத்திருப்பவரையும் உடன் கூட்டி வாருங்கள். அவர் அம்மம்மாவாக இருந்தால், அவருக்குப் பின்வரிசையில் இடம் கொடுக்காமல், வைத்தியருக்கு எதிரேயுள்ள கதிரையில் அவரை அமர்த்துங்கள்.